இரண்டு தட்டு

விடியற்காலை மூன்றே முக்கால். ரொறொன்ரோவில், பிரிம்லி வீதி கிங்ஸ்டன் வீதியைக் கடந்து, ஏரியை நோக்கிச் சரியத் தொடங்குகிற இடம். இரண்டு பக்கமும் மரம். ஒரேயொரு விளக்குக் கம்பம்... அதுவும் விட்டு விட்டு எரிகிறது. அதன் கீழே ஒரு பிக்கப், எஞ்சின் ஓடியபடி நிற்கிறது. உள்ளே ஒரு மனிதன். பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி. பெட்டிக்கு சீற் பெல்ட் போட்டிருக்கிறது.

சிரிக்காதே அலெக்ஸாண்டர். உனக்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன். புது பிக்கப் வாங்கிவிட்டேன், ஃபோர் வீல், நாலு சில்லும் இழுக்கும், இனிப் பனிக்காலம் எனக்குத் தூசு என்று ஒரே புழுகு. வெளியே எட்டிப் பார், உன்னுடைய தூசு முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கிறது. இன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. ஜன்னலோடு இருப்பவர்கள் கொஞ்சம் இங்கால் தள்ளி உட்காருங்கள். தேத்தண்ணீர் ஆறினால் ஆறட்டும்... நடுவில் நிறுத்த மாட்டேன்.

இது என் சிநேகிதன் சண்முகநாதனுடைய தங்கை புருஷனுக்கு நடந்தது. அவர் பெயர் வீரக்குட்டி. மட்டக்களப்புப் பக்கத்து ஆள். எண்பத்தேழாம் வருடம், தை மாதம். சண்முகநாதனை உங்களுக்குத் தெரியும். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லுகிற மனிதன், அவன் எங்கே கதை கட்டப் போகிறான்?

வீரக்குட்டி ஊரில் பஸ் டிரைவர். பதினொரு வருடம் ஒரே ரூட், ஒரே கொண்டக்டர். கொண்டக்டரின் பெயர் குஞ்சித்தம்பி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்துப் பஸ்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீன் கூடை, கோழி, அரிசி மூட்டை, அதற்கு மேலே சனம். டிரைவர் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால் அவர் திரும்புவதே இல்லை. பின்பக்கம் முழுக்கக் குஞ்சித்தம்பியின் பாடு. தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் நில். இரண்டு தட்டுத் தட்டினால் போ. பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது குஞ்சித்தம்பி இறங்கிப் போய்ப் பின்னால் நின்று தட்டிக்கொண்டே இருப்பார். வீரக்குட்டி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஸ்ரியரிங்கைத் திருப்புவார். பதினொரு வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஊர் கெட்டது. இரண்டு பேரும் வேறு வேறு வழியாக ரொறொன்ரோ வந்து சேர்ந்தார்கள். வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்ட். பெரிய அறையில் வீரக்குட்டியும் பெண்சாதி தவமலரும், சின்ன அறையில் குஞ்சித்தம்பி. அவருடைய பெண்சாதி பிள்ளைகள் எல்லாம் ஊரிலேயே. இங்கே அவருக்கு இருந்தது இந்த இரண்டு பேர்தான்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. கடும் குளிர். இரவு வேலை முடித்து வீரக்குட்டி வந்து சப்பாத்தைக் கழற்றுகிறார். குஞ்சித்தம்பி வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கிறார்.

“மச்சான், நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது. காரில கொண்டு விடுறியா?”

“ஏலாது மச்சான், கண் இருட்டுது. பஸ்ஸில போ.”

அவ்வளவுதான் பேச்சு. கட்டிடத்துக்கு முன்னாலிருக்கிற பஸ் தரிப்பில் குந்தினவர் குந்தினபடியே போய்விட்டார். குளிருக்குச் சுருண்டு தூங்குகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பஸ் நிற்காமலே போயிருக்கிறது. பாருங்கள் அநியாயத்தை... வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பஸ்ஸை நிறுத்தின மனிதன்! வீரக்குட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம்.

எரித்து முடிந்து, சாம்பலை ஒரு பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். இங்கேதான் சிக்கல். தவமலருக்கு அப்போது ஏழு மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சாம்பல் வைக்கலாமா? அவளுடைய புருஷன் செத்த வீட்டுக் காரியத்தில் கை வைக்கலாமா? கூடாதுதான். ஆனால் குஞ்சித்தம்பிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பெட்டியைக் கொண்டு போய் பல்கனியில் வைத்தார்கள். அதன் மேல் பனி கொட்டியது. தவமலர் பல்கனித் திரையை இழுத்து மூடிவிட்டு, அந்தப் பக்கம் முகம் வைத்துப் படுப்பதையே விட்டுவிட்டாள்.

வெயில் காலம் வரட்டும், ஏரியில் கரைப்போம் என்றார் வீரக்குட்டி. தவமலர் ஒரே பிடி. முப்பத்தோராம் நாள் விடியமுன் தண்ணீரில் போயிருக்க வேண்டும் என்றாள்.

“அவரு நல்ல மனிசன். என்ட கையால எத்தின நாள் சோறு போட்டிருக்கன். ஆனா இனி இந்த வீட்டுக்கு வரப்படா. கரைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க. என்ன சத்தம் கேட்டாலும் பாக்காதீங்க. நீங்க பாத்தா அவரு பின்னால வந்திருவாரு. என்ட வயித்துல ஒரு உயிர் கிடக்கு, அத நினைச்சுக்கொள்ளுங்க.”

முப்பதாம் நாள் பின்னேரம் தொடங்கிய பனி நடுச்சாமம் வரை விடவில்லை. வீரக்குட்டியின் கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குவியல்தான் தெரிந்தது. மனிதன் அரை மணித்தியாலம் பனி அள்ளுகிற சவளால் வெட்டிப் பார்த்துவிட்டு, வெக்ஸ்போர்டில் இருக்கிற அகஸ்ரினுக்குப் போன் அடித்தார். அகஸ்ரின் யாழ்ப்பாணத்து ஆள், ஃபாக்டரியில் கூட வேலை செய்கிறவர். பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தார், நாலு சில்லும் இழுக்கிற ரகம். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், சாம்பல் கரைக்கிற விஷயமெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் மறு பேச்சுப் பேசாமல் பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சாரத்துக்கு மேலே குளிர் கோட், காலில் பனிச் சப்பாத்து. சாமம் இரண்டரை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பாடம் எடுத்தார்.

“ஐசே, வடிவாக் கேளும். உது நாலு சில்லாலையும் இழுக்கும். ஆனா உது போறதுக்குத்தான், நிக்கிறதுக்கு இல்லை. ஐஸிலை பிரேக்கை அமத்தினீரெண்டால் எல்லா வாகனமும் ஒண்டுதான். விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

“முன் சில்லு ரெண்டிலையும் நடுவிலை ஒரு குமிழ் இருக்கு. இறங்கிப் போய் ரெண்டையும் லொக் பக்கம் திருப்ப வேணும். ஒண்டைத் திருப்பிப்போட்டு மற்றதை மறந்தால் சரிவராது. பிறகு உள்ளுக்கை உந்தச் சின்னத் தடியைப் போடும். உப்புப் போட்ட கறுப்பு ரோட்டிலை போடாதையும், ஸ்ரியரிங் பிடிச்சு இழுக்கும், உள்ளுக்கை ஏதும் முறிஞ்சுபோம். இறக்கத்திலை லோவிலை போட்டு முதலாம் கியரிலை விடும். பிரேக்கிலை கால் வைக்கப்படாது. எஞ்சின் பிடிச்சுக்கொண்டு இறக்கும்.”

வீரக்குட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போகப் போன அகஸ்ரின் திரும்பி வந்தார்.

“இன்னொண்டு. பின்னுக்கு எடுக்கேக்கை கண்ணாடியை நம்பாதையும். ஐஸ் பிடிச்சிடும். கழுத்தைத் திருப்பிப் பாரும்.”

அதற்கும் வீரக்குட்டி ‘ஓம்’ என்று தலையாட்டினார். தவமலர் சொன்னதும் அகஸ்ரின் சொன்னதும் ஒன்றோடொன்று முட்டுகிறது என்று அந்த நேரத்தில் அவருக்குப் படவில்லை. யாருக்குப் படும்? அகஸ்ரினை மேலே கூப்பிட்டுப் பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் கொடுத்து, பிறகு டாக்சியில் ஏற்றிவிட்டாள் தவமலர். வீரக்குட்டி பெட்டியைப் பனி தட்டி எடுத்து முன் இருக்கையில் வைத்தார். பிக்கப்பின் பின் தட்டில் நாலு மணல் மூட்டை, வழுக்காமல் இருக்கப் பாரத்துக்குப் போட்டது. வேறொன்றும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சண்முகநாதன் எனக்கு இரண்டு தரம் சொன்னான்.

கிங்ஸ்டன் வீதியில் உப்புப் போட்டிருந்தார்கள். கறுப்பாக, ஈரமாக... ஒரு வாகனம் இல்லை. ஹீட்டர் தூசி மணத்தோடு ஊதிக்கொண்டிருந்தது. வீரக்குட்டி பெட்டியைப் பார்த்தார். மனம் பொறுக்கவில்லை.

“இண்டைக்காவது உன்ன ஏத்திக்கொண்டு போறன் மச்சான்” என்றார்.

சொல்லி ஐந்து நிமிடம் இருக்காது... தூசி மணம் போய் வேறொரு மணம் வந்தது. கற்பூரமும் எண்ணெயும் கலந்த மணம். குஞ்சித்தம்பி முழங்காலுக்குப் பூசுகிற நோவெண்ணெய். பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரு மாதம் பனிக்குள் கிடந்த பெட்டியில் என்ன மணம் ஒட்டியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

இப்படித்தான் மூன்றே முக்காலுக்கு அந்த விளக்குக் கம்பத்தடிக்கு வந்தார். அங்கிருந்து கீழே தெரு இறக்கம். பனி வெட்டுகிற வண்டி எப்போதோ ஒரு தரம் ஓடியிருக்கிறது, அதற்கு மேலே புதுப் பனி. இறங்கினார். மூக்குக்குள் மயிர் விறைக்கிற குளிர். டிரைவர் பக்கத்து முன் சில்லின் முன்னால் குந்தினார். கையுறையோடு குமிழ் பிடிபடவில்லை. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுத் திருப்பினார்.

க்ளக்.

அந்தப் பக்கமிருந்து... அதே மாதிரி... க்ளக்.

வீரக்குட்டி குந்தினபடியே இருந்தார். எஞ்சின் சத்தம் மட்டும். எழுந்து மெல்ல முன்பக்கத்தால் சுற்றிப் போனார். மற்றச் சில்லின் குமிழ் லொக்கில் நின்றது. அந்தப் பக்கத்துப் பனியில் ஒரு காலடி இல்லை. அகஸ்ரின் முன்பே திருப்பி வைத்திருப்பார் என்று வாய்விட்டுச் சொன்னார், தனக்குத்தானே. ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

சின்னத் தடியை லோவில் போட்டார். முதலாம் கியர். க்ளட்சை விட்டதும் எஞ்சின் உறுமிக்கொண்டு பிக்கப் ஊர்ந்தது. அலெக்ஸாண்டர், நீ இந்த இடத்தைக் காது கொடுத்துக் கேள். சரிவு கூடக் கூடப் பிக்கப்பின் மூக்குக் கீழே குத்துகிறது. ஒரு பக்கம் மண் மலை. மற்றப் பக்கம் மரங்களுக்கு இடையில் ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. பஸ் ஓட்டிய கால் சும்மா இருக்குமா? வளைவில் பயந்து பிரேக்கைத் தொட்டுவிட்டார். தொட்டதுதான் தாமதம்... நாலு சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. எஞ்சின் சத்தம் அமுங்கியது. பிக்கப் சத்தமே இல்லாமல், ஸ்ரியரிங்குக்குக் கட்டுப்படாமல், இருட்டுப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது.

அகஸ்ரின் சொன்னது மின்னலாக வந்தது. காலை எடுத்தார். எடுக்க மனம் வராது, அந்த நேரத்தில் காலை எடுப்பது சும்மா காரியமில்லை. எடுத்தார். சில்லு உருண்டது, பிடித்தது, எஞ்சின் திரும்ப உறுமியது. மூக்கு நேரானது. அதற்குப் பிறகு கீழே போய்ச் சேரும் வரைக்கும் வலது காலை மடித்து இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டாராம்.

கீழே தெருவுக்குக் குறுக்கே சங்கிலி. அங்கால் வாகனம் போகாது. இடது பக்கம் வெட்டித் தள்ளிய பனி, ஆளுயரம். வலது பக்கம் ஓரக்கல், அதற்குக் கீழே வள்ளம் கட்டுகிற குடா, மேலே மெல்லிய ஐஸ் மூடிக் கிடந்தது. திருப்ப இடமில்லை. அதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

கரையெல்லாம் அலை உறைந்து மேடு மேடாக நின்றது. நாலு காலில் தவழ்ந்து ஏறி, அந்தப் பக்கம் கறுப்புத் தண்ணீர் தெரிந்த இடத்தில் பெட்டியைத் திறந்தார். சாம்பல் எதிர்பார்த்ததைவிடப் பாரம். சரசரவென்று விழுந்தது. தேவாரம் ஒன்று சொல்ல நினைத்தார், வாயில் வரவில்லை.

“மன்னிச்சுக்கொள் மச்சான். அண்டைக்கு உன்னக் கொண்டு விட்டிருக்கணும்” என்றார். விம்மி விம்மி அழுதார். “போயிட்டு வா” என்று வாய் எடுத்தவர் அந்த ‘வா’வை மட்டும் விழுங்கிக்கொண்டார். நல்ல காலம்.

எழுந்தார். திரும்பினார். நடந்தார்.

கறுக்... கறுக்... அவருடைய சப்பாத்து. கறுக்... கறுக்... கறுக். ஒன்று கூடுதல். நின்றார். ஒரு சத்தமும் இல்லை. நடந்தார். கறுக், கறுக், கறுக். வயிற்றுப்பிள்ளையை நினைத்தார். தவமலர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றதை நினைத்தார். கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டு நடந்து வந்து பிக்கப்பில் ஏறிவிட்டார். திரும்பவே இல்லை! மனிதன் வென்றுவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? அவரும் அப்படித்தான் நினைத்தார். றிவேர்ஸ் கியரைப் போட்ட பிறகுதான் விளங்கியது.

பின்னுக்கு எடுக்க வேண்டும். எண்பது யார் தூரமாவது எடுத்தால்தான் திருப்ப ஒரு அகலமான இடம் வரும். ஒரு பக்கம் பனிச் சுவர், மறு பக்கம் குடா. திரும்பிப் பார்க்காமல் எடுத்தால் தண்ணீருக்குள். திரும்பிப் பார்த்தால்... அந்த ஆள் வீட்டுக்கு.

கண்ணாடியில் பார்த்தால் திரும்பிப் பார்த்ததாகுமா? இதை யாரிடம் போய்க் கேட்பது, அந்த நேரத்தில்? வெளிக் கண்ணாடி ஐஸ் பிடித்து வெள்ளையாக இருந்தது, அகஸ்ரின் சொன்னபடியே. உள்கண்ணாடியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. கையால் அதை மேலே திருப்பிவிட்டார். க்ளட்சை மிதித்தபடி, நேரே சங்கிலியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எவ்வளவு நேரமென்று தெரியாது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பெற்றோல் முள் கீழே வந்துகொண்டே இருந்தது.

அப்போது பின் தகட்டில்...

டக் டக்.

சிரிப்பு எங்கே போயிற்று, அலெக்ஸாண்டர்?

வீரக்குட்டியின் கால் அவரைக் கேட்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம். இரண்டு தட்டு என்றால் போ. க்ளட்சை விட்டது. பிக்கப் பின்னால் ஊர்ந்தது. டக் டக்... டக் டக்... ஒரே சீராக, அவசரமில்லாமல். சத்தம் கொஞ்சம் இடது பக்கம் போனது, கை ஸ்ரியரிங்கை ஒடித்தது. வலது பக்கம் வந்தது, கை நேராக்கியது. கண் சங்கிலியிலேயே நின்றது. பிறகு, பலமாக, தகடு அதிர...

டக்.

நின்றார். அசையவில்லை. மறுநாள் அகஸ்ரின் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தாராம். வலது பின் சில்லின் தடம் ஓரக்கல்லில் ஏறி, பாதிச் சில்லு தண்ணீர்ப் பக்கம் நின்றிருக்கிறது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் மனிதனை வசந்த காலத்தில்தான் எடுத்திருப்பார்கள். அந்தத் தட்டு இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை.

முன்னுக்கு எடுத்து, ஒடித்து, திரும்பப் பின்னுக்கு. டக் டக். இன்னும் கொஞ்சம். டக் டக். பிக்கப்பின் மூக்கு மேட்டைப் பார்க்க நேராக வந்து நின்றது. வீரக்குட்டி பெருமூச்சு விட்டார். உயிர் தப்பிய சந்தோஷத்தில், பஸ்ஸைத் திருப்பி முடித்ததும் பதினொரு வருடம் ஒரு நாளும் தவறாமல் சொன்னதை, யோசிக்காமல் வாய் சொல்லியது.

“ஏறு மச்சான், போவம்.”

பின்பக்கம் மெல்ல அமர்ந்தது. ஒரு ஆள் கால் வைத்து ஏறினால் எப்படி அமருமோ, அப்படி. பிறகு...

டக் டக்.

ஐயோ! திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்த மனிதன். பார்க்கவில்லைதான். ஆனால் ஏறு என்று கூப்பிட்டு, ஏற்றி வைத்துவிட்டார்! அவருக்கு அது அப்போதே உறைத்தது. ஆனால் என்ன செய்வது? இறங்கிப் போய்ப் பின்னால் நிற்பவரிடம் இறங்கு என்று சொல்ல முடியுமா?

பிக்கப் மேட்டில் ஏறியது. ஒரு வழுக்கல் இல்லை, ஒரு சறுக்கல் இல்லை, பின் சில்லுகள் நிலத்தைக் கவ்விக்கொண்டு வந்தன. பின்னால் நல்ல பாரம். நோவெண்ணெய் மணம் கண்ணைக் கரித்தது. வீரக்குட்டி தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கிங்ஸ்டன் வீதியின் கறுப்பு ரோட்டில் ஏறியதும் ஸ்ரியரிங் கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. கீழே கடக்... கடக்... என்று ஒரு சத்தம். நாலு சில்லு இழுவையை நிறுத்தவில்லை, அதுதான் என்று அவருக்குத் தெரியும். நிறுத்தி இறங்கிக் குமிழ்களைத் திருப்பத் துணிவு வரவில்லை. முறிந்தால் முறியட்டும் என்று ஓட்டினார்.

வீட்டுக்குப் போகப்படாது. அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். தன் கட்டிடத்தைக் கடந்து, நேரே வடக்கே போய்விட வேண்டும். எங்கேயாவது, விடியும் வரைக்கும். தவமலர் படுத்திருக்கிற வீட்டுப் பக்கம் இந்தச் சில்லு திரும்பக்கூடாது. கட்டிடம் தெரிந்தது. ஆறாம் மாடியில் அவர்கள் வீட்டு லைட் எரிந்தது. அக்சிலரேற்றரை மிதித்தார். முன்னால் அந்தப் பஸ் தரிப்பு.

டக்.

ஒரே ஒரு தட்டு. கால் பிரேக்குக்குப் போய்விட்டது. கேட்டதா அந்தக் கால்? பிக்கப் நின்றது. பின்பக்கம் மெல்ல எழும்பியது. நோவெண்ணெய் மணம் அறுத்தெறிந்த மாதிரி நின்றது.

டக் டக்.

போனார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு சந்தி தாண்டி, இரவெல்லாம் திறந்திருக்கிற ஒரு டோநட் கடை. அதன் முன்னால் நிறுத்தினார். அப்போதுதான் முதல் முதலாகத் திரும்பிப் பார்த்தார். நாலு மணல் மூட்டை. வேறொன்றும் இல்லை. மூட்டைகளின் மேல் பனி, தட்டு முழுக்கப் பனி, ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் பனியில்லாமல் வெறும் தகடாக இருந்தது.

மனிதனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குஞ்சித்தம்பி இறங்கிவிட்டார்! பஸ் கிடைக்காமல் செத்த இடத்தில், பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய்விட்டார். அதற்குத்தான் வந்திருக்கிறார் பாவம், வேறு எதற்கு வருவார், தங்கமான மனிதன் என்று ஏங்கி ஏங்கி அழுதார். இரண்டு பக்கமும் குந்திக் குமிழ்களைத் திருப்பிவிட்டார். உள்ளே போய்க் கோப்பி வாங்கினார். அதை ஆற ஆறக் குடித்தார். முக்கால் மணித்தியாலம் இருந்திருப்பார். தவமலர் விழித்துக்கொண்டு காத்திருப்பாளே என்று அப்போதுதான் நினைவு வந்தது. கடைச் சுவரில் இருந்த போனில் காசைப் போட்டார்.

நாலாவது தரம் மணி அடித்ததும் எடுத்தாள்.

“ஹலோ?” தணிந்த குரல். பின்னால் ஏதோ இரைச்சல்.

“நான்தான் புள்ள. எல்லாம் முடிஞ்சுது. பயப்பிடாத, இந்தா வாறன்.”

இரைச்சல் மட்டும். தண்ணீர் ஓடுகிற இரைச்சல்.

“ஆரு கதைக்கிறது?” என்றாள் தவமலர்.

“நான்தான் தவம். வீரக்குட்டி.”

“என்ன விளையாட்டு இது? அவரு அப்பவே வந்திட்டாரு. கதவு திறந்த சத்தம் கேட்டு நான் அறைக்குள்ளதான் இருந்தன், செத்த வீட்டால வாறவர் முன்னுக்குப் போகப்படா எண்டு. நேர பாத்ரூமுக்குப் போனவரு. முக்கால் மணித்தியாலமாக் குளிக்கிறாரு.”

“தவம்... நான் சொல்றத கேளு. மெல்லமா வெளிக் கதவத் திறந்துகொண்டு பக்கத்து வீட்ட போ. இப்பவே போ. செருப்புப் போடாத.”

அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது. இரைச்சலும் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

“பொறுங்க” என்றாள். “தண்ணி நிண்டிட்டுது.”